கோடையில் உறங்கும் தோட்டம்

ஆகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயை ஒட்டிய குன்றுகளில் நடப்பவர், இலைகளெல்லாம் சருகாகித் தொங்கும் ஒரு மரத்தைக் கண்டால் அது பட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். கலிபோர்னியா பக்-ஐ எனப்படும் அந்த மரத்துக்கு ஒரு நோயும் இல்லை. கோடை முற்றியதும் இலையை உதிர்த்துவிட்டு, பேரிக்காய் வடிவக் காய்களை மட்டும் மொட்டைக் கிளைகளில் தாங்கியபடி மழைக்காகக் காத்திருப்பது அதன் இயல்பு. பிப்ரவரியில் மற்ற இலையுதிர் மரங்கள் வெறுங்கிளையாக நிற்கும்போதே அது தளதளவென்று துளிர்த்துவிடும். அந்த மண்ணுக்கே உரிய நாட்டுச் செடிகளைக் கொண்டு அங்கே தோட்டம் போட நினைப்பவர்கள், என்ன செடி வாங்கலாம் என்று தேடுவதற்கு முன்பு இந்த மரத்தை ஓராண்டு கவனிப்பது நல்லது. இந்த நிலத்தின் ஓய்வுக்காலம் கோடைதான். அதை உணராமல் போவதால்தான் ஒருபுறம் தோட்டங்கள் தண்ணீரை விழுங்குகின்றன. மறுபுறம், ஆசையோடு வாங்கி நட்ட நாட்டுச் செடிகள் நட்டவர் கையாலேயே சாகின்றன.

மத்தியதரைக் கடல் காலநிலை என்று புவியியலார் சொல்வது, குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் கொண்ட ஒரு பருவ ஒழுங்கை. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும் ஆகிய ஐந்து இடங்களில்தான் இது அமைந்திருக்கிறது. இவை பெரும்பாலும் நிலநடுக்கோட்டிலிருந்து 30 முதல் 40 பாகை வரையிலான அகலாங்குகளில், கண்டங்களின் மேற்கு ஓரத்தில் கிடப்பவை. கோடையில் துணைவெப்பமண்டல உயரழுத்தப் பகுதி துருவத்தை நோக்கி நகர்ந்து, மழைமேகங்களை அண்டவிடாமல் இந்நிலங்களின்மேல் கவிந்துகொள்கிறது; குளிர்காலத்தில் அது பின்வாங்கியதும் மேற்கிலிருந்து புயல்கள் வரிசையாக உள்ளே நுழைகின்றன. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள இந்த ஐந்து துண்டுகளில், உலகின் பூந்தாவர இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாழ்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஆண்டுச் சராசரி மழை 370 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. சென்னையின் சராசரி 1,400 மில்லிமீட்டர். ஆனால் எவ்வளவு பெய்கிறது என்பதைவிட எப்போது பெய்கிறது என்பதே தோட்டத்துக்கு முக்கியம். லாஸ் ஏஞ்சலஸின் ஜூலை மாதச் சராசரி ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. வெயில் மிகும்போது மழை இல்லை; மழை வரும்போது வெயில் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த சோழமண்டலக் கரையின் மனிதருக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தி அன்று. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று கேட்டுப் பழகியவருக்கு, அக்டோபர் இறுதியில் மண்வெட்டியை எடுக்கச் சொன்னால் விளங்கும். வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. நம் ஊரில் மழை விழுந்த மறுவாரமே தழை பொங்கிவிடும். கலிபோர்னியாவின் குளிர்ந்த மழையில் செடி முதலில் மண்ணுக்குள் வேரைத்தான் இறக்கும், மேலே ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், வசந்தத்தில்தான் தழைக்கும். அமெரிக்க நர்சரிகளோ ஏப்ரலில் செடிகளை வாசலில் அடுக்கிவைத்து விற்கின்றன. நானும் அப்படி ஒரு ஏப்ரலில் நீலப்பூச் சீயனோத்தஸ் என்ற நாட்டுப் புதர் ஒன்றை வாங்கி நட்டு, பக்கத்துத் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக்கு ஊற்றும் கையோடு அதற்கும் தினம் ஊற்றி, ஆகஸ்டில் அதைப் பறிகொடுத்தேன். அது தண்ணீரால் செத்தது என்பது புரியவே எனக்கு மேலும் ஓராண்டு ஆயிற்று.

இந்தச் செடிகளின் கோடைகால உத்திகள் பலவகை. மன்சனிட்டா என்னும் புதர் தன் தடித்த இலைகளைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்கிறது. நண்பகல் வெயில் இலையின் விளிம்பில்தான் படுமே தவிர முகத்தில் படாது. அதன் பெயர் ஸ்பானிய மொழியில் சிறிய ஆப்பிளைக் குறிக்கும். பழங்கள் அந்த வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர். மலைச்சரிவுகளில் மணக்கும் சால்வியா வகைகளில் சில மழைக்காலத்துக்கு ஒரு பெரிய இலைத் தொகுதியும் கோடைக்கு ஒரு சிறிய இலைத் தொகுதியும் வைத்திருக்கின்றன. வெயில் ஏற ஏறப் பெரிய இலைகளைக் கைவிட்டு, நரைத்த சிறு இலைகளோடு ஒடுங்கிவிடுகின்றன. சீயனோத்தஸ் தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பெற்றுக்கொள்வதால், உரம் போட்டால் அதற்கு நன்மையை விடத் தீமையே அதிகம். கலிபோர்னியா பாப்பி இன்னொரு வழியைத் தேர்ந்துகொள்கிறது. மழையில் முளைத்து, வசந்தத்தில் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குன்றையே போர்த்திவிட்டு, வெயில் ஏறியதும் விதைக்குள்ளோ கிழங்கு வேருக்குள்ளோ ஒளிந்துகொள்கிறது.

இத்தகைய நிலத்தின்மேல்தான் இங்கிலாந்தின் புல்தரை வந்து விரிந்தது. இங்கிலாந்தில் கோடையிலும் தூறல் உண்டு. அங்கே புல் பச்சையாக இருப்பதற்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. கலிபோர்னியாவில் அதே பச்சையைக் கொண்டுவர ஆறுகளையே திருப்பவேண்டியிருந்தது. 1913 நவம்பரில் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய், 233 மைல் தொலைவிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை நகருக்குக் கொண்டுவந்தது. பின்னர் கொலராடோ ஆற்று நீரும் வடக்கத்திய ஆறுகளின் நீரும் வந்து சேர்ந்தன. புல்தரைக்காக மட்டுமே இவை வெட்டப்படவில்லை. ஆயினும், கோடை முழுவதும் வீட்டு வாசலில் பச்சைப் புல் என்பது இந்தக் கால்வாய்கள் இன்றி நடந்திருக்கவே முடியாது. கணக்கும் எளியதுதான். ஆயிரம் சதுர அடிப் புல்லின்மேல் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் விட்டால் ஏறத்தாழ 2,360 லிட்டர் செலவாகும். ஐந்து அங்குலம் விட்டால் சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். மழையில்லாத நீண்ட கோடையில் புல் கேட்பது அதைப்போலப் பல மடங்கு.

இதற்கு எதிர்க்குரல் அண்மையில் எழுந்ததன்று. இங்கிலாந்தில் பிறந்து 1893இல் கலிபோர்னியாவுக்கு வந்த தியோடர் பெய்ன் என்ற தோட்டக்கலைஞர், வீடுகளும் வயல்களும் பெருகப் பெருகக் காட்டுப்பூக்கள் மறைவதைக் கண்டு, லாஸ் ஏஞ்சலஸில் தன் நர்சரியில் நாட்டுச் செடிகளின் விதைகளைச் சேர்த்து விற்கத் தொடங்கினார். நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அவரால் தோட்டங்களுக்கு வந்தன. 1960இல் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை இன்றும் விதையும் நாற்றும் விற்றுவருகிறது. 1926இல் சாந்தா பார்பரா தாவரவியல் பூங்காவும், 1965இல் கலிபோர்னியா நாட்டுத் தாவரக் கழகமும் தோன்றின. ஆனாலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இது சிலரின் ஆர்வமாகவே கிடந்தது. பொதுமக்கள் கவனம் இதன்பக்கம் பெருமளவில் திரும்பியது 2012 முதல் 2016 வரை நீடித்த கொடும் வறட்சியில்தான்.

2015 ஏப்ரல் 1 அன்று, வழக்கமாக ஆளுயரப் பனி இருக்கவேண்டிய சியரா நெவாடா மலையில், காய்ந்த புல்மேல் நின்றபடி ஆளுநர் ஜெரி பிரவுன், நகரங்களின் நீர்ப்பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். புல்தரையைப் பெயர்த்தெடுக்க மானியம் அறிவிக்கப்பட்டது. தென் கலிபோர்னியாவில் சதுர அடிக்கு 2 டாலரும் சில இடங்களில் அதற்கு மேலும் கிடைத்ததால் மானிய நிதி சில வாரங்களிலேயே தீர்ந்தது. விளைவு கலவையானது என்பதுதான் நேர்மையான மதிப்பீடு. புல் போன இடத்தில் பல வீடுகளில் நெகிழித் துணியை விரித்து, மேலே சரளைக்கல்லைக் கொட்டி, நடுநடுவே ஒரு கற்றாழையைச் செருகிவிட்டு முடித்துக்கொண்டார்கள். கட்டணச் சீட்டில் தண்ணீர் குறைந்தது உண்மை. ஆனால் கல் வெயிலை உள்வாங்கி இரவெல்லாம் கக்கியது, மண் மூடப்பட்டது, ஒரு தேனீக்கும் அங்கே இடமில்லாமல் போயிற்று. நீரைச் சேமிப்பது ஒன்றே இலக்காகும்போது செடி என்பது நீர் குடிக்காத ஒரு பொருளாக மட்டும் பார்க்கப்படுகிறது. சரளைக்கல்லைவிடக் குறைவாகக் குடிக்கும் செடி எதுவும் உலகில் இல்லை.

இதைவிடத் தெளிவான பாடம் சாந்தா மோனிக்கா நகரில் கிடைத்தது. 2004இல் அந்த நகராட்சி, அருகருகே உள்ள இரண்டு சிறு வீடுகளின் முன்புறத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு தோட்டங்களை அமைத்தது. ஒன்றில் புல்தரையும் வழக்கமான வெளிநாட்டு அழகுச் செடிகளும் தெளிப்பான்களும். மற்றதில் கலிபோர்னியச் செடிகளும் சொட்டுநீரும், கூரைமழை நிலத்துக்குள் இறங்கும் ஏற்பாடும். நாட்டுத் தோட்டத்தை அமைக்க 16,700 டாலர் ஆயிற்று, புல் தோட்டத்துக்கு 12,400. பின்வந்த ஆண்டுகளின் கணக்கில், நாட்டுத் தோட்டம் 83 விழுக்காடு குறைவான நீரையும் 68 விழுக்காடு குறைவான உழைப்பையும் கேட்டது. அதிலிருந்து வெளியேறிய தழைக்கழிவு 56 விழுக்காடு குறைந்தது. இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் ஒன்றைச் சொல்வதில்லை. பாசன முறையும் இரண்டிலும் வேறு என்பதால் சேமிப்பு முழுவதையும் செடிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. என் பார்வையில் இங்கே கவனிக்கத்தக்கது உழைப்பைப் பற்றிய எண்தான். புல்லை வாரந்தோறும் வெட்டவேண்டும். கோடையில் உறங்கும் செடியைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே பராமரிப்பு.

என் சீயனோத்தஸைத் தண்ணீர் எப்படிக் கொன்றது என்பதற்கு வருகிறேன். ஃபைட்டோஃப்தோரா என்ற நீர்ப்பூஞ்சை வகை உலகின் பல மண்களில் பரவியிருக்கிறது. அதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைப் பற்றுபவை; அவற்றுக்கு வெப்பமும் ஈரமும் ஒருங்கே வேண்டும். கலிபோர்னியாவின் இயல்பான ஆண்டில் இவ்விரண்டும் சேர்வதே இல்லை. மண் ஈரமாக இருக்கும்போது குளிர்ந்திருக்கிறது, சூடாக இருக்கும்போது காய்ந்திருக்கிறது. ஆகவே இந்தச் செடிகளில் பல, வெதுவெதுப்பான ஈர மண்ணை எதிர்கொள்ளும் தேவையே இல்லாமல் உருவானவை. தோட்டக்காரர் ஜூலையில் குழாயைத் திறக்கும்போது, இயற்கை பிரித்து வைத்திருந்த இரண்டையும் சேர்த்துவைக்கிறார். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து அழுகுகிறது; அழுகிய வேர் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடுகிறது; வாடிய இலையைக் கண்டவர் தாகம் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார். பொன்னிறப் பூவுடைய ஃபிளானல் புதர் இதில் மிகக் கூச்சமுள்ளது. வேரூன்றிய பிறகு கோடையில் நீர் விட்டால் அது பெரும்பாலும் தாங்காது. நூறாண்டு ஓக் மரத்தடியில் புல்தரை போட்டு, தெளிப்பான் நீர் தினமும் அடிமரத்தில் படும்படி விட்ட வீடுகளில், சில பத்தாண்டுகளுக்குள் மரமே விழுந்துவிடுவதும் இதைப்போன்ற வேர் நோய்களால்தான்.

எனவே நடும் முறையும் நமக்குப் பழகியதற்கு மாறானது. அக்டோபர் இறுதிக்கும் ஜனவரிக்கும் இடையில், தொட்டியின் ஆழமே ஆழமாகவும் அகலத்தில் இருமடங்காகவும் ஒரு குழி. அதில் நீரை நிரப்பி முழுவதும் வடியவிட்டுப் பார்க்கவேண்டும்; மறுநாளும் நீர் நின்றால் அந்த இடம் மன்சனிட்டாவுக்கு ஆகாது. எருவோ மக்கோ குழிக்குள் போடக்கூடாது. களிமண் நிலத்தில் குழியை மட்டும் பொலபொலப்பாக்கினால் அது ஒரு கிண்ணம்போல் ஆகி நீரைத் தேக்கும். வேரும் அந்தச் சுகத்தை விட்டு வெளியே போகாது. எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, வேர்க்கழுத்து தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி நட்டு, மரச்சில்லுகளை மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விடவேண்டும். முதல் மழைக்காலத்தில் வானம் பொய்த்தால் ஆழமாக நீர் விடுவதும், முதல் கோடையில் வெப்பம் தணிந்த நாளாகப் பார்த்து, மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டு எப்போதாவது விடுவதும் தேவை. இரண்டாம் மூன்றாம் ஆண்டில் பெரும்பாலானவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். ‘முதல் ஆண்டு உறங்கும், இரண்டாம் ஆண்டு ஊரும், மூன்றாம் ஆண்டு பாயும்’ என்று அங்குள்ள தோட்டக்காரர்கள் சொல்வார்கள்.

பழைய புல்லை அகற்றுவதுதான் நடைமுறையில் எல்லோரையும் சோதிப்பது. மென்மையான புல் வகைகளை அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து மேலே மரச்சில்லு கொட்டியே மூச்சடைக்கச் செய்யலாம். அங்கே ‘பெர்முடா புல்’ என்று எல்லோரும் சபிக்கும் ஒன்று மட்டும் அட்டையைத் துளைத்துக்கொண்டு வரும். அது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடச் சொல்லி மணமக்களை வாழ்த்துவோர் ஒரு நாள் கலிபோர்னியத் தோட்டத்தில் அதைத் தோண்டிப் பார்த்தால் வாழ்த்தின் வலிமை விளங்கும். பலர் நம்புவது வெயிலைத்தான்: உச்சக் கோடையில் புல்லை ஒட்ட வெட்டி, நனைத்து, ஒளிபுகும் நெகிழித்தாளை ஓரங்களில் மண் அணைத்து மூடி, ஆறு முதல் எட்டு வாரம் வேகவிடுவது. கடற்கரை ஓர மூடுபனியில் இது பலிக்காது, உள்நாட்டு வெயிலில் ஓரளவு பலிக்கும், மிச்சம் கையால்தான்.

நாட்டுச் செடி என்ற வலியுறுத்தல் வெறும் மண்பாசமா என்ற கேள்வி நியாயமானது. லாவெண்டரும் ரோஸ்மேரியும் மத்தியதரைக் கடற்கரையின் செடிகள். இதே பருவ ஒழுங்குக்குப் பழகியவை. கலிபோர்னியாவில் நீர் அதிகம் கேட்காமல் நன்றாகவே வாழ்கின்றன. தண்ணீரை மட்டும் அளந்தால் அவற்றை மறுக்கக் காரணம் இல்லை. வேறுபாடு புழுக்களில் இருக்கிறது. பூவின் தேனை எந்தத் தேனீயும் குடிக்கலாம். இலையைத் தின்று வளரும் புழுக்களில் பலவற்றுக்கு, நெடுங்காலம் பழகிய ஒருசில இனங்களின் இலையே உணவாகும். வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் டக்ளஸ் டாலமியும் உடனாய்வாளர்களும் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், தாவரத் திரளில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாக நாட்டுச் செடி இருந்த தோட்டங்களில் சிக்கடி என்ற சிறு பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு போதவில்லை. அது கோடைமழை பெய்யும் கிழக்குப் பகுதி. எண்ணை அப்படியே மேற்குக்குக் கொண்டுவர முடியாது, காரணத்தைக் கொண்டுவரலாம்.

நம் பக்கத்திலேயே இதற்கு இணை உண்டு. தமிழ்நாட்டில் கருடக்கொடியும் ஆடுதின்னாப்பாளையும் இல்லாத இடத்தில் சிவந்த உடல் கொண்ட அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடாது. அச்செடிகளின் அரிஸ்டோலோக்கியா பேரினத்தையே சேர்ந்த கலிபோர்னியக் கொடியை நம்பித்தான் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் நீலக்கருப்பு அழகி ஒன்று வாழ்கிறது. நகரில் கொடி அருகியபோது பட்டாம்பூச்சியும் அருகியது. கலிபோர்னிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த உயிரியலாளர் ஒருவர் தன் வீட்டில் புழுக்களை வளர்த்து, அங்குள்ள தாவரவியல் பூங்காவில் அந்தக் கொடி இருந்த இடத்தில் விட்ட பிறகு அது மீண்டும் கண்ணில் படத் தொடங்கியது. நல்லெண்ணத்தோடு செய்யும் தவறும் உண்டு. மொனார்க் பட்டாம்பூச்சிக்கென்று பலர் நடும் வெப்பமண்டல எருக்கு வகை, மிதமான குளிரில் உதிராமல் நின்று, புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணியின் வித்துகளை ஆண்டு முழுவதும் சேர்த்துவைக்கிறது. குறுகிய இலையுள்ள நாட்டு வகையோ குளிர்காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கி அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. கலிபோர்னியாவின் ஏறத்தாழ 1,600 நாட்டுத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை தரையில் வளை தோண்டுபவை. அவற்றுக்காக ஒரு மூலையில் மூடாக்கு இல்லாத வெறும் மண்ணை விட்டுவைப்பதும் தோட்டக்கலைதான்.

காலநிலை பொருந்துவதாலேயே வந்தேறிச் செடி ஆபத்தாவதும் உண்டு. கேப் பகுதியிலிருந்து மண்ணைப் பிடிப்பதற்காகக் கொண்டுவந்த ஐஸ் செடி, கடற்கரை மணல்மேடுகளில் பாய்போல் படர்ந்து மற்றவற்றை அழுத்திவிட்டது. டாஸ்மேனியாவின் ‘புளூ கம்’ எனப்படும் யூகலிப்டஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கலிபோர்னியாவுக்கு வந்தது. நீலகிரிக்கு வந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். உதகையில் கற்பூர மரம் என்று எண்ணெய் காய்ச்சும் அதே மரம், ஓக்லாந்து குன்றுகளில் பட்டையும் சருகுமாக எரிபொருளைக் குவித்துவைத்தது. 1991 அக்டோபரில் 25 உயிர்களைப் பலிகொண்ட தீ அங்கே பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நாட்டுச் செடி தீப்பிடிக்காது என்று சொல்வதும் பொய். கலிபோர்னியப் புதர்க்காடு எரிந்து மீளும் இயல்புடையது. சீயனோத்தஸ் விதையை முளைக்கவைக்கத் தோட்டக்காரர்கள் அதன்மேல் கொதிநீரை ஊற்றுவதே தீயின் சூட்டை நடிப்பதற்காகத்தான். எனவே இனத்தைவிட இடைவெளிதான் பெரிது. தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்ததை அகற்றி வைக்க மாநிலச் சட்டம் சொல்கிறது. சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடியில் எரியக்கூடியது எதுவும் இல்லாமல் வைப்பதற்கான சட்டம் 2020இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தை எரித்த 2025 ஜனவரித் தீக்குப் பின் அதன் விதிகளை விரைந்து முடிக்க ஆணையிடப்பட்டதிலிருந்து, சுவரோரம் நிற்கும் முதிர்ந்த ஓக் மரத்தையும் வெட்டவேண்டுமா என்று வீட்டுக்காரர்கள் கடுமையாக வாதிட்டு வருகிறார்கள்.

சட்டமும் மெல்ல இந்த நாட்காட்டியின் பக்கம் வருகிறது. வறட்சி அறிவிக்கப்பட்டிருக்கும்போது புல் காய்ந்ததற்காக நகராட்சிகள் அபராதம் விதிக்கக்கூடாது என்று 2015இல் சட்டம் இயற்றப்பட்டது. 2023இல் வந்த மற்றொரு சட்டம், அலுவலகங்கள், கடைகள் போன்ற இடங்களில் யாரும் கால் வைக்காமல் காட்சிக்கு மட்டும் கிடக்கும் புல்தரைக்குக் குடிநீரைப் பாய்ச்சுவதை 2027 முதல் படிப்படியாகத் தடை செய்கிறது. கண்ணைப் பழக்குவது இதைவிட மெதுவாக நடக்கும் வேலை. செப்டம்பரில் கலிபோர்னியா பக்வீட் என்ற நாட்டுப் புதரின் பூங்கொத்துகள் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறும். அதை வெட்டாமல் விட்டால் சிறு குருவிகள் வந்து விதை பொறுக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தைக் கவனிக்க ஆள் இல்லையா என்று கேட்பார்.

பத்துப் பதினைந்து ஆண்டில் சீயனோத்தஸ் முதுமையடைந்து ஒரு பக்கம் சாயத் தொடங்கும். அதற்குள் அதன் நிழலில், ஸ்கரப் ஜே என்ற நீலப் பறவை குளிர்காலத்துக்காகப் புதைத்துவிட்டு மறந்த ஓக் கொட்டை ஒன்று முளைத்திருக்கக்கூடும். முழங்கால் உயரம்கூட இராத அந்தக் கன்று ஆழமாக வேர்விட்டிருக்கும். பிடுங்குவதானால் இப்போதே பிடுங்கவேண்டும், விடுவதானால் சுவருக்கும் அதற்கும் எத்தனை அடி என்று இப்போதே அளந்துகொள்ளவேண்டும்.